ட்ரெய்லருக்குப் பின்னால்

வளைவில் வண்டி திரும்பியபோது ஸ்ட்ரெச்சர் ஒரு சாண் அளவுக்கு இடப்பக்கம் நகர்ந்தது. ரமா காலை நீட்டித் தடுத்தாள். இரும்புக் குழாய் கணுக்காலில் இடித்தது. வலித்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. காலை எடுக்காமல் அப்படியே முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டாள்.

"பாத்து ஓட்டுங்கோப்பா" என்றான் நரசிம்மன்.

"ரோடு அப்டி கீது சார். நேத்து பேஞ்ச மழைல குண்டும் குழியுமா பூட்ச்சி. நான் இன்னா பண்ணட்டும்?" என்றான் முன்னாலிருந்து ஏசுபாதம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் எந்நேரமும் நிற்கும் இரண்டு சவ வண்டிகளில் ஒன்று அவனுடையது. காலையில் அதில் இன்னொருவர் போயிருக்க வேண்டும். தரையில் நசுங்கிய சாமந்தி இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பினாயில் ஊற்றிக் கழுவியும் அவை போகவில்லை.

வெள்ளைத் துணிக்குள் அவள் கணவர் ஆராவமுதன் இருந்தார். துணி பாதம் வரைக்கும் எட்டவில்லை. ஒரு காலில் மட்டும் சாக்ஸ் இருந்தது. இன்னொன்று எங்கே கழன்று விழுந்திருக்கும் என்று ரமா யோசித்தாள். ஜீப்பிலா, ஆஸ்பத்திரிக் கட்டிலிலா? கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கம்பெனி ஜீப் டிரைவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்தார், வியர்த்தது, தூக்கிக்கொண்டு வந்தோம், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டுதான் இருந்தார், அப்புறம் பேசவில்லை. அவ்வளவுதான் விவரம்.

புதுப்பட்டினத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்த ரமாவை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது, "ஆஸ்பத்திரில சேத்திருக்கா" என்றுதான் சொன்னார்கள். கூட வேலை பார்க்கும் டீச்சரின் கணவர் காரில் கொண்டுவந்து விட்டார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கருங்குழியிலிருந்து பஸ் பிடித்து வந்த அவர் தம்பி நரசிம்மன் அவளுக்கு முன்னால் வந்துவிட்டான். "மன்னி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்து நின்றான். அண்ணாவின் முகத்துக்கும் மன்னிக்கும் இடையில் தான் நிற்கக்கூடாது என்று நினைத்தவன் போல.

அப்போது தொடங்கிய கோபம் அவனுக்கு இன்னும் தணியவில்லை.

"அந்த டிரைவரைத் தவிர ஒத்தர் கூட இல்லை மன்னி. பதினெட்டு வருஷம் அந்தக் கம்பெனிக்கு உழைச்சான். பக்கத்துல நிக்க ஒரு மனுஷன் இல்லை. அண்ணாவுக்குக் கீழ வேலை பாக்கற அந்தப் பையன், பரணிதரன், உங்காத்துலயே வந்து தின்னுண்டு கெடந்தானே, அவன் எங்க? டாக்டர் உதட்டைப் பிதுக்கின உடனே வண்டியை எடுத்துண்டு ஓடிட்டான். கேட்டா, இன்னிக்கு மட்டும்தான் போலீஸ் பர்மிஷனாம். இருட்டறதுக்குள்ள ட்ரெய்லர் போய்ச் சேரணுமாம். பர்மிஷன்! ஒரு மனுஷன் போயிட்டான், அவனுக்குப் பர்மிஷன் பெரிசாப் போச்சு."

ரமா சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ட்ரெய்லர் விஷயம் தெரியும். நான்கு மாதமாகத் தெரியும்.

கடலோரத்தில் எழும் புதிய மின் நிலையத்துக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் போக வேண்டியிருந்தது. சென்னைத் துறைமுகத்தில் இறக்கி, ட்ரெய்லரில் ஏற்றி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆராவமுதன் வேலை பார்த்த கம்பெனியின் பொறுப்பு. அந்தக் கம்பெனியில் அவர்தான் பாரம் பார்க்கும் இஞ்சினியர். ராத்திரிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்தி வைத்து விளக்குவார். இழுத்துக்கொண்டு போகும் முன்பக்க லாரிக்கு டிரைவர்கள் 'குதிரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ட்ரெய்லரின் முன்பக்கம் குதிரையின் முதுகில் உட்காரும். பின்பக்கம் தன் சொந்தச் சக்கரங்களில் நிற்கும். சாமானை முன்னால் தள்ளினால் பாரம் குதிரை மேல் ஏறும். பின்னால் தள்ளினால் ட்ரெய்லர் சக்கரங்கள் அழுந்தும். இரண்டும் சமமாகத் தாங்கும் இடம் நடுவில் எங்கேயோ இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம்.

"பொட்டியைப் பாத்தா அதோட நடு பளிச்சுன்னு தெரியறது. ஆனா உள்ள இருக்கற இரும்பு ஒரு பக்கமா ஒதுங்கி உக்காந்துண்டிருக்கு. கண்ணுக்குத் தெரியற நடு வேற, கனத்தோட நடு வேற" என்பார்.

"மோர் விடட்டுமா?" என்பாள் ரமா.

மகள் மேக்னாவுக்கு இதெல்லாம் சிரிப்பு. ஒருமுறை முட்டுக்காட்டில் படகு ஏறியபோது, ரமாவின் தங்கையை எழுப்பி எதிர்ப்பக்கம் உட்காரச் சொன்னார் ஆராவமுதன். படகின் நன்மைக்காகத்தான் சொன்னார். தங்கை கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். அதற்கப்புறம் இரண்டு தீபாவளிக்கு அவள் அவரோடு பேசவில்லை.

செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் ட்ரெய்லரை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் எடைப் பலகை வைத்துப் பார்த்ததில் பின் ஆக்சில்களில் பாரம் அதிகம் என்று தெரிந்தது. சாதாரண ரோடு என்றால் மெல்ல ஓட்டிக் கொண்டுபோய்விடலாம். ஆனால் திருக்கழுக்குன்றம் தாண்டி ஏரி வாய்க்காலின் மேல் ஒரு பழைய பாலம் இருந்தது. அதனால் டிரான்ஸ்பார்மரை நான்கு மூலையிலும் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அடியில் தண்டவாளம் விட்டு, ஒன்றரை அடி முன்னால் இழுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். நேற்று சாயங்காலம் போன் செய்தபோது அதைத்தான் சொன்னார். காலையில் இழுத்து வைத்துவிட்டு, மறுபடி எடை பார்த்துவிட்டுக் கிளம்புவோம் என்றார். மேக்னாவுக்குப் பரீட்சை ஹால் டிக்கெட் வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றாள். "சரி, டீ வந்துடுத்து, வெச்சுடறேன்" என்றார்.

டீ வந்துவிட்டது என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. ரமா அதை மனசுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். அதில் எதுவும் இல்லை.

திருக்கழுக்குன்றத்தில் கடைத்தெரு தாண்டிச் சிறிது தூரத்தில் வண்டியின் வேகம் குறைந்தது. பிறகு ஊர்ந்தது. ஏசுபாதம் ஹாரனில் கையை வைத்தபடியே இருந்தான். நரசிம்மன் எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா?"

"இன்னான்னு சொல்றது சார். பாடி வண்டின்னா கவுர்மெண்டு பஸ்காரன்கூட வழி வுட்ருவான். இது இன்னாடான்னா மலை மாரி ஒண்ணு ரோட்ட அடைச்சிகினு போய்கினு கீது."

ரமா தலையைத் திருப்பி டிரைவரின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

முன்கண்ணாடி முழுவதும் சாம்பல் நிறத் தார்ப்பாய். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சங்கிலி. இரண்டு பக்கமும் கொம்பில் கட்டிய சிவப்புத் துணி. கீழே வரிசை வரிசையாக டயர்கள், ஒன்றும் அவசரமில்லாததுபோல உருண்டுகொண்டிருந்தன. கடைசிச் சக்கரத்தின் பக்கத்தில் கையில் கனமான மரக்கட்டையோடு ஒருவர் நடந்துகொண்டிருந்தார். வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை. அவர் நடையும் ட்ரெய்லரின் வேகமும் ஒன்றாக இருந்தன.

அவள் இதைப் பார்த்ததே இல்லை. படத்தில்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இதுதான்" என்றாள்.

"எது மன்னி?"

"அவரோடது."

நரசிம்மனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் ஏசுபாதத்தின் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னான். வண்டி முழுதும் நிற்பதற்குள் கதவைத் திறந்து குதித்தான். ஓடினான். நாற்பத்தைந்து வயது, வங்கியில் உட்கார்ந்த உடம்பு, வேட்டி காலைத் தடுக்கியது. மரக்கட்டைக்காரரைத் தாண்டி, ட்ரெய்லரின் பக்கவாட்டில் கையை வீசிக் கத்திக்கொண்டே போனான். என்ன கத்தினான் என்று ரமாவுக்குக் கேட்கவில்லை. குதிரையின் எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் மூடியிருந்தது.

ஏசுபாதம் மறுபடி மெல்ல வண்டியை நகர்த்தினான். "மேடம், உள்ள கீறது..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "சாருதான் இந்த வண்டிக்கு ஆபீசரா?"

"ஆமாம்."

அவன் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

நரசிம்மன் திரும்பி வரும்போது கூட இன்னொருவனும் வந்தான். மஞ்சள் ஹெல்மெட், சட்டையெல்லாம் கிரீஸ். பரணிதரன்தான். ஜன்னல் பக்கம் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். வண்டி நகர்ந்துகொண்டே இருந்ததால் அவனும் கூடவே நடந்தான். கண்கள் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தன, உடனே விலகிக்கொண்டன.

"மேடம்" என்றான்.

ரமா அவனைப் பார்த்தாள்.

"சொல்லு, சொல்லு, மன்னிகிட்டயே சொல்லு" என்றான் நரசிம்மன் மூச்சிரைக்க. "அண்ணாவோட உடம்பு உள்ள இருக்கு. அவனுக்கு வழி விட முடியாதாம் மன்னி. பாலம் தாண்டி ரைஸ் மில் களம் வருமாம். அதுவரைக்கும் நாம பின்னாடியே வரணுமாம்."

"முடியாதுன்னு சொல்லலை சார். இடமில்லை" என்றான் பரணிதரன். பிறகு ரமாவிடம், "ஓரமா இறக்கறேன் மேடம். இடது பக்கம் மண்ணுல ரெண்டு சக்கரம் இறக்கினா உங்க வண்டி போயிடலாம். நான் இறக்கச் சொல்றேன்."

"இறக்கு. அதைத்தானே சொல்றேன்" என்றான் நரசிம்மன்.

ரமா ரோட்டின் இடது ஓரத்தைப் பார்த்தாள். தாருக்கும் வயலுக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்கு மண். அதில் நேற்றைய மழை இன்னும் நின்றது. மாட்டுக் குளம்புத் தடத்தில்கூடத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்தப் பக்கம் நாற்று நட்டு ஒரு வாரம்கூட ஆகாத வயல், ரோட்டை விட ஆளுயரம் கீழே.

"அங்க இறக்கினா ஒரு பக்கமா அழுந்துமே" என்றாள்.

பரணிதரன் அந்த மண்ணைப் பார்த்தான்.

"அழுந்துமா, அழுந்தாதா?"

"அழுந்தும் மேடம்."

"அப்போ ஏன் இறக்கறேன்னு சொல்றே?"

அவன் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தான். நரசிம்மன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மன்னி, ஆத்துல மேக்னா தனியா உக்காந்துண்டிருக்கா. சாஸ்திரிகள் வந்து காத்துண்டிருக்கார். பொழுது சாயறதுக்குள்ள எல்லாம் ஆகணும். அண்ணா உள்ள இப்படி..."

"அவருக்கு என்ன அவசரம்" என்றாள் ரமா. "போகட்டும். பின்னாடியே போகலாம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். கடையில் கூட்டமாக இருந்தால் கொஞ்சம் நிற்கலாம் என்று சொல்வாளே, அதே குரல். நரசிம்மன் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைத்த துண்டை முகத்திலேயே வைத்துக்கொண்டான்.

பரணிதரன் போகாமல் ஜன்னலோடு நடந்துகொண்டிருந்தான்.

"மறுபடி எடை பாத்தேளா?" என்று கேட்டாள்.

அவன் நடை ஒரு கணம் தடுமாறியது. "பாத்தோம் மேடம்."

"சரியா வந்துதா?"

"முன்னாடிக்கு எவ்வளவோ பரவாயில்லை." முன்னால் உருளும் டயர்களைப் பார்த்தான். "முழுசாச் சரியா வரலை. பின்னாடி கடைசி ஆக்சில்ல கொஞ்சம் கூடத்தான் காட்டுது. பாலம் தாங்கும் மேடம். நான் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். தாங்கும். ஆனா சார் இருந்திருந்தா..."

"இருந்திருந்தா?" என்றாள் ரமா.

"சார் இருந்திருந்தா இன்னொரு தடவை ஜாக்கி போட்டு இன்னும் ஒரு கை அளவு இழுத்திருப்பார். எனக்கு நேரம் இல்லை மேடம். ஆஸ்பத்திரிலேர்ந்து போறதுக்கே..."

ரமா தார்ப்பாயைப் பார்த்தாள். ஆமாம், இன்னொரு தடவை ஜாக்கி போட்டிருப்பார். பர்மிஷன் போனால் போகட்டும் என்று போலீஸோடு மல்லுக்கு நின்றிருப்பார். நாளைக்கு ராத்திரி வந்து, காலைக் கழுவாமலே சாப்பிட உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லியிருப்பார். அவள் மோர் விடட்டுமா என்று கேட்டிருப்பாள். இதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததே தவிர நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்கும்போது மரத்துப்போன கன்னத்தை விரலால் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. விரலுக்குக் கன்னம் தெரிகிறது, கன்னத்துக்கு விரல் தெரியவில்லை.

"நீ போய் அதைப் பாரு" என்றாள்.

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் ஓடினான்.

புளிய மரங்களின் நிழல் ஒவ்வொன்றாகத் தார்ப்பாயின் மேல் ஏறி, வண்டியின் மேல் ஏறி, உள்ளே வெள்ளைத் துணியின் மேல் ஊர்ந்து கடந்தது. எதிரே வந்த வண்டிகளைப் போலீஸ் ஜீப் முன்கூட்டியே நிறுத்தி வைத்திருந்தது. காத்துக்கொண்டிருந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி ட்ரெய்லரை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு ஆள் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினான். பின்னால் வந்த சவ வண்டியைப் பார்த்ததும் குழந்தையை இறக்கிவிட்டான்.

மரக்கட்டையோடு நடந்தவர் அவ்வப்போது திரும்பிப் பார்த்தார். பரணிதரன் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சிறிது நேரத்தில் நடையைத் தாமதித்து ஜன்னலுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் பழைய துண்டு.

"அம்மா, நான் உலகநாதன். கட்டை போடறவன். சாரு கூட ரொம்ப வருசமா வேலை செய்றேன்" என்றார். "கார்த்தால ஜாக்கி எறக்கசொல்ல நான் பக்கத்துலதாம்மா இருந்தேன். ஒரு டம்ளர் தண்ணி குடுன்னாரு. எடுத்தாரதுக்குள்ள உக்காந்துட்டாரு. தண்ணிய நான் கையில வச்சிகினே நின்னுட்டேன்."

"குடிக்கலையா?"

"இல்லம்மா."

"சரி" என்றாள் ரமா. அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்ப்பவர்போல உலகநாதன் கூடவே நடந்தார். பிறகு சக்கரத்தின் ஞாபகம் வந்து வேகமாக முன்னால் போனார்.

பாலம் வந்தது. பாலம் என்று சொன்னால்தான் தெரியும். இருபுறமும் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்த கைப்பிடிச் சுவர், கீழே ஏரியிலிருந்து வழிந்து வரும் செந்நிறத் தண்ணீர். பாலத்தின் மேல் ட்ரெய்லர் போகும்போது வேறு எதுவும் அதன்மேல் இருக்கக்கூடாது என்று சொல்லி ஒரு போலீஸ்காரர் வண்டியை இந்தப் பக்கமே நிறுத்தினார். ஏசுபாதம் எஞ்சினை அணைத்தான். ரமா இறங்கினாள். அவளைத் தொடர்ந்து நரசிம்மனும் இறங்கினான்.

பரணிதரன் கரையோரமாகச் சறுக்கி இறங்கி, பாலத்தின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். தண்ணீர் அவன் பூட்ஸுக்குள் போயிருக்கும். கையை உயர்த்தி முன்னால் காட்டினான்.

குதிரை ஏறியது. பாலத்தின் நட்டநடுவில், ஆள் நடப்பதைவிட மெதுவாக. அப்புறம் ட்ரெய்லரின் முன்பகுதி. அப்புறம் தார்ப்பாய் மூடிய அந்தப் பெட்டி. ரமாவின் பார்வை பின் டயர்களில் இருந்தது. எல்லா டயரும் ஒரே மாதிரி உப்ப வேண்டும் என்பார் அவர். ஒன்று மட்டும் அதிகமாக உப்பினால் அது பாவம், மற்றதெல்லாம் சோம்பேறி என்பார். கடைசி வரிசை டயர்கள் தரையைத் தொடும் இடத்தில் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலமாகப் பரந்திருந்தன. சொல்லித் தெரிந்தால்தான் தெரியும் அளவுக்குக் கொஞ்சம்.

அந்தக் கடைசிச் சக்கரங்கள் நடுவில் இருந்தபோது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. காய்ந்த கட்டையை முறிப்பதுபோல, ஒரே ஒரு தடவை. உலகநாதன் கட்டையோடு குனிந்து நின்றார். போலீஸ்காரர் ஒரு அடி பின்னால் வைத்தார். பரணிதரனின் உயர்த்திய கை அப்படியே நின்றது. பிறகு மறுபடி முன்னால் அசைந்தது. டிரைவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால்தான் ஆபத்து என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வயலில் மேய்ந்த கொக்குகள் எதுவும் பறக்கவில்லை.

ட்ரெய்லர் அக்கரையில் இறங்கிவிட்டது.

ரமா திரும்பிப் பார்த்தபோது நரசிம்மன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஈரத் தாரில் நின்றுகொண்டிருந்தான். எப்போது கழற்றினான், ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் அவசரமாக மாட்டிக்கொண்டான்.

"ஏறுங்கோ மன்னி" என்றான். குரலில் கோபம் இல்லை.

ரைஸ் மில்லின் நெல் காயவைக்கும் களத்தில் ட்ரெய்லர் ஒதுங்கியது. வண்டி அதைத் தாண்டிப் போனது. முதல் முறையாக ரமா குதிரையின் முகத்தைப் பார்த்தாள். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கக் கண்ணாடியிலேயே கண்ணாக இருந்தார், திரும்பவில்லை. உலகநாதன் கும்பிட நினைத்து, இரண்டு கையிலும் கட்டை இருந்ததால் அதை என்ன செய்வது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். வண்டி வேகம் எடுத்தது. ஸ்ட்ரெச்சர் மறுபடி நகர்ந்தது. இந்தத் தடவை நரசிம்மன் காலை வைத்துக்கொண்டான்.

புதுப்பட்டினத்தில் வீட்டு வாசலில் சாமியானாப் பந்தல் போட்டு நாற்காலிகள் வந்திருந்தன. ரமாவின் பள்ளிக்கூடமே அங்கே திரண்டு வந்திருந்தது. மேக்னா படியில் நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது அவள் முகம் வேறு யாருடைய முகமோ போல வீங்கியிருந்தது. அப்பாவை உள்ளே கொண்டுபோகும் வரை சுவரோடு ஒட்டி நின்றாள். அப்புறம் அம்மாவிடம் வந்தாள்.

"ஏம்மா இவ்ளோ நேரம்? எல்லாரும் கேட்டுண்டே இருக்கா."

"வழில ட்ரெய்லர்."

மேக்னா அவளை உற்றுப் பார்த்தாள். "அப்பாவோடதா?"

"ஆமாம்."

"பாலம் தாண்டிடுத்தா?"

"தாண்டிடுத்து" என்றாள் ரமா.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. யாரோ அவளை உட்கார வைத்தார்கள். யாரோ எழுப்பினார்கள். எடுத்து வைக்க வேண்டிய சாமான்கள் எங்கே என்று கேட்டபோது, எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்த டப்பா என்று சரியாகச் சொன்னாள். "அழுதுடு ரமா, உள்ளயே வெச்சுக்காதே" என்று பக்கத்து வீட்டு மாமி முதுகைத் தடவினாள். ரமா அழ முயன்றாள். தங்கை கதறிக்கொண்டு வந்து மேலே விழுந்தபோது அவளைத் தாங்கிப் பிடித்து, தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். ஐந்து மணிக்கு எடுத்தார்கள். நரசிம்மன் முன்னால் போனான். தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்தார்கள். அப்புறம் வீடு கழுவினார்கள். ஒவ்வொருவராகக் குளித்தார்கள். கொடியில் இடமில்லாமல் ஈரப் புடவைகளை வாசல் கேட்டின் மேலும் போட்டார்கள்.

விளக்கு வைத்துச் சற்று நேரம் ஆனபோது கூட்டம் குறைந்திருந்தது. மேக்னா சித்தியின் மடியில் தூங்கிப் போயிருந்தாள். நரசிம்மன் திரும்பி வந்து குளித்துவிட்டு, கூடத்துச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். எதிர்வீட்டிலிருந்து சாதமும் ரசமும் வந்திருந்தன. யாரும் தொடவில்லை.

வாசலில் யாரோ நிற்பதுபோல இருந்தது. ரமா எழுந்து போனாள்.

பரணிதரன் கேட்டுக்கு வெளியே நின்றான், ஈரப் புடவைகளுக்கு அந்தப் பக்கம். இன்னும் அதே கிரீஸ் சட்டை. நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு. அவள் கேட்டைத் திறந்தாள். அவன் ஒரு அடி மட்டும் உள்ளே வந்தான்.

"கொண்டுபோய்ச் சேர்த்தாச்சு மேடம். உள்ள நிறுத்தியிருக்கோம். நாளைக்குத்தான் இறக்குவாங்க."

"சரி."

"வழில வேற பிரச்சினை ஒண்ணும் இல்லை."

"சரி."

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அவன் அது போகும் வரை காத்திருந்தான்.

"நான் ஆஸ்பத்திரியிலயே இருந்திருக்கணும் மேடம்" என்றான். "டாக்டர் வெளில வந்து சொன்னதும் எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. அங்க வண்டி ஜாக்கிலேர்ந்து இறங்கி அப்படியே நிக்குது, ஆளுங்க எல்லாம் நிக்கறாங்க, சார் பாதில விட்டுட்டு... நீங்க வர்றதுக்குள்ள வந்துடலாம்னுதான்..."

அவன் சொன்னது நியாயமா தப்பா என்று யோசிக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. அவன் கன்னம் ஒட்டிப்போயிருப்பதைத்தான் பார்த்தாள்.

"காலம்பறலேர்ந்து என்ன சாப்ட்டே?" என்று கேட்டாள்.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வாய் கோணியது. கேட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தான். சின்ன அழுகை இல்லை. எதிர்வீட்டு ஜன்னலில் விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். கூடத்திலிருந்து நரசிம்மன் எழுந்து வந்து வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிப் போனான்.

ரமா உள்ளே போய்ப் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் இன்னும் நிமிரவில்லை. முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை, தொட்டுத் தேற்றவும் தோன்றவில்லை. டம்ளரை நீட்டிப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

வெகுநேரம் ஆயிற்று. வலது கை கனத்தது. டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.